ஸ்டென்ட் வைத்த பிறகும் அப்பாவின் இதயம் ஏன் பெருக்கிறது?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் கமம் செய்கிற உங்கள் அப்பாவுக்கு 58 வயது. இரண்டரை மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, அடைபட்ட நாடியைத் திறந்து வைத்திருக்கிற சிறிய வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நெஞ்சுநோ இல்லை. நோ இல்லாதபடியால் அப்பா குளிசையையும் இடைக்கிடை விட்டுவிடுகிறார். போன கிழமை எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்) ஈ.எஃப். 38 சதவீதம், இடது இதயவறை பெருத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஈ.எஃப். என்பது இடது இதயவறை தன்னிடமுள்ள இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிற பங்கு. அடைப்பு எடுபட்ட பிறகும் இதயம் ஏன் பெருக்கிறது, செத்த தசை திரும்ப வளராதா, கனடாச் சித்தப்பா சொல்கிற ஸ்டெம் செல் ஊசிக்கு இந்தியா கொண்டுபோகலாமா, அப்பா எப்போது மண்வெட்டி பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மாரடைப்பு வந்த அன்றோடு எல்லாம் முடிந்ததா, தசைக்குள் இன்னும் ஏதாவது நடக்கிறதா? நடந்துகொண்டுதான் இருக்கிறது. செத்த பகுதியைவிட, சாகாமல் மிஞ்சிய தசைக்குள் நடப்பதைத்தான் இனிக் கவனிக்க வேண்டும்.

நான் இதய நிபுணர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளில் பல வருடமாகப் பிரேத பரிசோதனை செய்கிற டொக்டர். திடீர் மரணம் என்று வருகிறவர்களின் இதயத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதும், அந்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் என் வேலை. அதனால் தசை எப்படி மாறுகிறது என்பதைக் கண்டதை வைத்துச் சொல்லலாம். ஆனால் என் மேசைக்கு வருவதெல்லாம் பிழைக்காதவர்களின் இதயங்கள். நன்றாகத் தேறி வயலுக்குத் திரும்பியவர்களின் இதயத்தை நான் பார்ப்பதில்லை. நான் சொல்வதில் இருட்டு கொஞ்சம் கூடத் தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான். உங்கள் அப்பாவின் எக்கோவையும் நான் பார்க்கவில்லை. அவருக்கு எந்தக் குளிசை, எவ்வளவு என்பதைக் கிளினிக்கில்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதயத்தசைக் கலம் ஒன்று ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நீளம். இடது இதயவறையில் மட்டும் 200 கோடி முதல் 400 கோடி வரை இப்படியான கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருங்குகிற புரத இழைகள் 2 மைக்ரோமீட்டர் அளவான அலகுகளாக நிரை நிரையாக அடுக்கியிருக்கும். நுணுக்குக்காட்டியில் இவை மெல்லிய குறுக்குக் கோடுகளாகத் தெரியும். இழைகளுக்கு இடையில், கலத்துக்குச் சக்தி உண்டாக்குகிற இழைமணிகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். கலத்தின் கனவளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அவைதான் பிடித்துக்கொள்கின்றன. நாளுக்கு ஒரு லட்சம் தடவை சுருங்குகிற தசைக்கு ஒட்சிசன் இல்லாமல் ஓட்ட வழியில்லை. இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுவருகிற முடியுருநாடி முழுதாக அடைபட்டால், ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் உடனே சாவதில்லை. கலம் எரிபொருளாகச் சேமித்து வைத்திருந்த கிளைக்கோசன் என்ற மாச்சத்து தீர்கிறது, இழைமணிகள் வீங்குகின்றன, அமிலம் சேர்கிறது. இந்த நிலையில் இரத்தம் திரும்பினால் கலம் தப்பிக்கொள்ளும். 20 முதல் 40 நிமிடம் தாண்டினால் கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு உடையத் தொடங்கும், உள்ளே இருக்கும் புரதங்கள் வெளியே கசியும். அவற்றில் ஒன்றுதான் ட்ரோபோனின். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தது அதைத்தான்.

எல்லாக் கலமும் ஒரே நேரத்தில் சாவதில்லை. இதயச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஓடுகிற நாடிகளில் இருந்து இரத்தம் உள்நோக்கி வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் துருசுக்குப் பக்கத்து வயல் தாங்கும், கடைசி வயல்தான் முதலில் வாடும். இங்கேயும் சுவரின் உட்புறத் தசைதான் முதலில் சாகும், பிறகு சாவு வெளிப்பக்கமாக நகரும். 1977இல் ரைமர், ஜெனிங்ஸ் என்ற இருவர் நாய்களில் நாடியை வெவ்வேறு நேரத்துக்குக் கட்டிவைத்துப் பார்த்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். 40 நிமிடத்தில் திறந்தால் சேதம் பெரும்பாலும் உட்பக்கத்தோடு நின்றது. 6 மணித்தியாலம் கடந்தால் காப்பாற்ற மிஞ்சியது கொஞ்சம்தான். ஒட்டுசுட்டானில் இருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை வைத்துப் பார்த்தால், முதல் ஆஸ்பத்திரியிலேயே கரைக்கிற ஊசி போட்டதுதான் உங்கள் அப்பாவின் இதயச் சுவரில் வெளிப்பாதியையாவது காப்பாற்றியிருக்கும். நெஞ்சு இறுகினால் வாயு என்று இஞ்சி இடித்துக் குடித்துக்கொண்டு இருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள் என்று நாங்கள் கத்துவதும் இதனால்தான்.

நாடியைத் திறப்பதும் கொஞ்சம் சேதம் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். சாவின் விளிம்பில் நிற்கிற கலத்துக்குள் இரத்தத்தோடு கல்சியம் பாய்ந்து ஏறும். இழைகள் அளவுக்கு மீறிச் சுருங்கி, கலத்துக்குள் தடித்த பட்டைகளாகத் திரண்டுவிடும். ஊசி போட்டுத் திறந்த இதயங்களில் இந்தப் பட்டைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். இவை உருவாகின்றன என்பதில் ஐயமில்லை. மொத்தச் சேதத்தில் இதன் பங்கு எவ்வளவு, மருந்தால் தடுக்கலாமா என்பதுதான் தீராத விவாதம். விலங்குகளில் பலன் காட்டிய சைக்ளோஸ்போரின் மருந்து, 2015இல் வெளிவந்த மனிதப் பரிசோதனையில் பலன் காட்டவில்லை. அதற்காக நாடியைத் திறக்காமல் விட்டிருக்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். திறக்காவிட்டால் இழப்பு இன்னும் பல மடங்கு.

செத்த பிறகு தசை எப்படி இருக்கும்? முதல் சில மணித்தியாலத்தில் இறந்தவரின் இதயத்தை வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. 12 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும். நுணுக்குக்காட்டியில், முதல் நாள் முடிவில் செத்த கலங்கள் சாயத்தைக் கூடுதலாக இழுத்து அடர் சிவப்பாக நிற்கும், கரு சுருங்கிக் கறுத்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் குறுக்குக் கோடுகள் மறைந்து, கருவும் இல்லாமல், கலங்களின் வெளி உருவம் மட்டும் வரிசையாகக் கிடக்கும்; இடையில் வெண்குருதிக் கலங்கள் நிறைந்திருக்கும். அதன்பிறகு பெருவிழுங்கிகள் வந்து செத்ததைத் தின்று அகற்றுகின்றன. மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாள் வரை, செத்த தசை கரைந்துகொண்டிருக்கும், அதன் இடத்துக்குப் புதிய நார் இன்னும் வந்திருக்காது. சுவர் மிக மென்மையாக இருப்பது அப்போதுதான். எங்கள் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற கதை ஒன்று உண்டு: கமக்காரர் ஒருவருக்கு நாலைந்து நாளுக்கு முன் நெஞ்சில் வாயுப் பிடிப்பு, சோடா குடித்திருக்கிறார், குறைந்திருக்கிறது, வேலைக்குப் போய்விட்டார், லாண்ட் மாஸ்டரைத் திருப்பும்போது விழுந்துவிட்டார். இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் திறந்தால் உள்ளே முழுக்கக் கட்டிய இரத்தம். அதைக் கழுவி எடுத்தால் இடது இதயவறைச் சுவரில் ஒரு சென்டிமீட்டர் அளவில் கிழிசல். உங்கள் அப்பா அந்தக் கிழமையைக் கடந்துவிட்டார்.

பத்தாம் நாளளவில் ஓரங்களில் இருந்து புதிய நுண்குழாய்களும் நார் உருவாக்கும் கலங்களும் உள்ளே வருகின்றன. முதலில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் மெல்லிய வகையை இடுகின்றன, போகப் போக உறுதியான வகை அதன் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டு மாதமளவில் அது இறுகிய வெள்ளைத் தழும்பு. சாதாரணமாக ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத சுவர் அந்த இடத்தில் அதன் பாதிக்கும் கீழே மெலிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தழும்பு சுருங்காது, ஆனால் கிழியாமல் பிடிக்கும். அது நல்ல விஷயம்தான். அடுத்தவர் யாராவது தழும்பைக் கரைக்கிற கசாயம் என்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, நாடி திறந்து, தழும்பும் ஆறிவிட்டது என்றால் இதயம் ஏன் பெருக்கிறது? முதல் நாட்களில் செத்த பகுதி விரிந்து மெலிகிறது. அங்கே தசைக்கட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலகுகின்றன. அறை கொஞ்சம் அகலமாகிறது. அறை அகலமானால், அதே அமுக்கத்தை உண்டாக்கச் சுவர் தாங்க வேண்டிய இழுவை கூடும். இது இயற்பியல், இதில் விவாதம் இல்லை. அந்தக் கூடுதல் இழுவை முழுவதும் மிஞ்சிய நல்ல கலங்களின் தலையில் விழுகிறது. அவை என்ன செய்கின்றன தெரியுமா? புதிய சுருங்கும் அலகுகளை முனைகளில் தொடராகச் சேர்த்து நீளமாக வளர்கின்றன. மாரடைப்பால் இதயம் பலவீனமாகி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போனவர்களின் கலங்களை 1992இல் அளந்து பார்த்தபோது, அவை வழமையைவிட ஏறக்குறைய 40 சதவீதம் நீளமாக இருந்தன. அகலம் அதற்கேற்பக் கூடவில்லை. அறை பெருத்த அளவும் கலம் நீண்ட அளவும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஆக, எக்கோவில் 'பெருத்திருக்கிறது' என்று வருவதற்குப் பின்னால், நீண்டுபோன கோடிக்கணக்கான கலங்கள் இருக்கின்றன. அறை பெருக்கப் பெருக்க இழுவை கூடும், இழுவை கூடக் கூடக் கலம் நீளும். செத்த பகுதியில் இருந்து எட்டத்தில், தனக்கென்று எந்த அடைப்பும் இல்லாத தசைகூட இதில் மாட்டிக்கொள்கிறது.

நீள்வதோடு நிற்பதில்லை. கலத்தின் மேற்பரப்பில் இருந்து உள்ளே போகிற நுண்குழாய்கள் ஒழுங்கு கெடுகின்றன. சுருங்கச் சொல்கிற கல்சியச் சமிக்ஞை கலம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது, சுருக்கத்தின் வலு குறையும். அடுத்தடுத்த கலங்களின் முனைகளை இணைத்து மின்னலையைக் கடத்துகிற கொனெக்சின் 43 என்ற புரதம் முனையை விட்டுப் பக்கவாட்டுக்கு இடம்பெயர்கிறது. தழும்பின் ஓரத்தில், நாருக்குள் தீவு தீவாக மாட்டிக்கொண்ட கலங்களில் இது அதிகம். அங்கே மின்னலை தாமதமாகிச் சுற்றிச் சுற்றி ஓடினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும். மாரடைப்பு வந்து மாதக்கணக்கான பிறகு நோவே இல்லாமல் திடீரென்று இறப்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான் என்பது என் எண்ணம், ஆனால் மின்கோளாறு பிரேதத்தில் தடயம் விடாது. கலங்கள் தாயின் வயிற்றில் இருந்த காலத்து மரபணுக்கள் சிலவற்றையும் திரும்ப இயக்குகின்றன. இழுவைக்குள்ளான கலங்கள் கூடுதலாகச் சுரக்கும் பி.என்.பி. என்ற ஹோர்மோனை இரத்தத்தில் அளந்துதான் இதயம் எவ்வளவு திணறுகிறது என்று கணிக்கிறார்கள். மிஞ்சிய கலங்களில் எத்தனை பின்னாளில் தாமாகவே செத்துப்போகின்றன என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

இனி நம்பிக்கை தருகிற பகுதி. சுருங்காத தசை எல்லாம் செத்த தசை இல்லை. இரத்தம் திரும்பிய பிறகும் சில நாள், சில கிழமை அசையாமல் கிடந்து, பிறகு தானாக வேலைக்குத் திரும்புகிற தசை உண்டு. நீண்ட நாள் குறைந்த இரத்தத்தில் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற தசையும் உண்டு. இந்த இரண்டாவது வகைக் கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கருவைச் சுற்றி வெளிறிய வெறும் இடமாக இருக்கும். சுருங்கும் இழைகளைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் கிளைக்கோசனைச் சேர்த்து வைத்திருக்கும். மென்சவ்வும் கருவும் அப்படியே இருக்கும். இரத்தம் கிடைத்தால் இழைகளைத் திரும்பக் கட்டிக்கொள்ளும், ஆனால் மாதங்கள் எடுக்கலாம். அப்பாவின் 38 சதவீதத்தில் எவ்வளவு தழும்பு, எவ்வளவு திரும்பக்கூடிய தசை என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. காந்த அதிர்வு (எம்.ஆர்.ஐ.) ஸ்கேன் பிரித்துக் காட்டும். அதற்கு வசதி இல்லாவிட்டால், மருந்தை ஒழுங்காகப் போட்டு சில மாதம் கழித்துத் திரும்ப எக்கோ எடுப்பதுதான் வழி.

செத்த கலம் திரும்ப முளைக்குமா? பெரிய மாரடைப்பு ஒன்றில் 100 கோடி கலம் வரை போய்விடலாம். முளைக்கும் வேகம் அதற்குக் கிட்டவும் வராது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் காபன் கூடி, பிறகு வருடா வருடம் குறைந்தது. இதயக் கலத்தின் டி.என்.ஏ.யில் உள்ள காபனை அளந்தால் அந்தக் கலம் ஏறக்குறைய எந்த வருடம் பிறந்தது என்று கணிக்கலாம். 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் இப்படி அளந்து சொன்னது: 25 வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம், 75 வயதில் 0.45 சதவீதம் கலங்கள் புதிதாகின்றன. பூச்சியம் இல்லை, ஆனால் அப்பாவின் தழும்பை நிரப்பப் போதாது. வரிக்குதிரை மீன் இதயத்தின் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வளர்த்துவிடும். பிறந்து ஒரு நாளான எலிக்குஞ்சாலும் முடியும், அதுவே ஒரு கிழமையில் அந்தத் திறனை இழந்துவிடும். ஏன் இழக்கிறது என்பதைத்தான் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலமாக மாறக்கூடிய மூலக் கலம். சித்தப்பாவின் ஸ்டெம் செல் ஊசி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். 2001இல் எலும்பு மச்சைக் கலங்கள் எலியின் இதயத்தசையாக மாறுகின்றன என்று பெரிய ஆரவாரத்தோடு வந்தது. 2004இல் வேறு ஆய்வுகூடங்கள் செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று தொடர்ந்து எழுதிவந்த ஆய்வுகூடத்தின் 31 கட்டுரைகளை மீளப்பெற வேண்டும் என்று 2018இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகமே பரிந்துரைத்தது. ஆய்வுகூடத்தில் வளர்த்த தசைக் கலங்களை வைக்கிற முயற்சிகள் நேர்மையாக நடக்கின்றன, அவை இன்னும் பரிசோதனை நிலையில்தான். பணம் வாங்கிக்கொண்டு ஊசி போடுகிற இடம் எதற்கும் அந்தக் காசை அனுப்ப வேண்டாம் என்று சித்தப்பாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

அந்தக் காசைவிட அப்பா விட்டுவிடுகிற குளிசைகள் பெறுமதியானவை. கலம் நீள்கிற அந்தச் சுற்றை உடைக்கிறவை எனலப்ரில், லொசார்டன் வகை, பிசோப்ரோலோல், காவிடிலோல் வகை, ஸ்பைரோனோலக்டோன் வகை. 2231 பேரை வைத்து நடந்து 1992இல் வெளிவந்த பரிசோதனையில், மாரடைப்புக்குப் பின் ஈ.எஃப். 40க்கு மேற்படாதவர்களுக்கு எனலப்ரில் வகையைச் சேர்ந்த கப்டோப்ரில் கொடுத்ததில் மரணம் 19 சதவீதம் குறைந்தது. 2001இல் காவிடிலோல் 23 சதவீதம் குறைத்தது. இந்தக் கப்டோப்ரிலுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் விஷம். வயலில் புடையனுக்குப் பயந்து நடக்கிற எங்களுக்கு இது ஒரு வேடிக்கையான செய்தி. ஆனால் இந்தக் குளிசைகள் நோவுக்குப் போடுகிறவை அல்ல. போட்டாலும் விட்டாலும் அன்றைக்கு அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, அதனால்தான் விடுபடுகிறது. ஸ்டென்ட் அடைபடாமல் காக்கிற அஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் விடுவது இன்னும் மோசம். அது அடுத்த மாரடைப்பையே கூட்டிவரலாம். எனலப்ரிலும் ஸ்பைரோனோலக்டோனும் சேர்ந்து போடுகிறார் என்றால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். நாள்தோறும் செவ்விளநீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கருவாட்டை ஒதுக்குவது அப்பாவுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஒதுக்கத்தான் வேண்டும்.

மண்வெட்டி விஷயம். நடை இப்போதே நல்லது, மூச்சு வாங்காத அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம். மூச்சைப் பிடித்துத் தம் கட்டித் தூக்குகிற வேலைதான் ஆகாது. 50 கிலோ யூரியா மூட்டையைத் தூக்கும்போது இரத்த அமுக்கம் ஒரேயடியாக ஏறும், அந்த இழுவை நீண்டுபோன அந்தக் கலங்களில்தான் விழும். வரம்பு கட்டுவதும் மூட்டை தூக்குவதும் இந்தப் போகத்துக்கு வேறு ஆட்களிடம் இருக்கட்டும். தண்ணீர் பார்க்கப் போகலாம், வெயிலுக்கு முன் போய் வரட்டும். மூன்று மாதம் குளிசை தவறாமல் போட்ட பிறகு எக்கோவைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஈ.எஃப். மட்டும் பார்க்காமல், இடது இதயவறையின் உள்விட்டம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்போதும் ஈ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே என்றால், துடிப்புக் கோளாறை அதிர்வு கொடுத்து நிறுத்துகிற கருவி தேவையா என்று நிபுணரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். அதற்கிடையில் கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், இரண்டு மூன்று நாளில் நிறை இரண்டு கிலோ ஏறினால், மயக்கம் வந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.